ஆலி ராபின்சனின் பழைய ட்விட்டர் பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரபலம் ஒருவர் இளவயதில் எழுதிய இழிசொற்கள் வெளியே வரும்போதெல்லாம் மக்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆலி ராபின்சனுக்கு 2021இல் நேர்ந்ததை நான் நெருக்கமாகப் பின்தொடர்ந்தேன். அதைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் இன்றுவரை கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

உண்மையில் என்ன நடந்தது?

2021 ஜூன் 2ஆம் தேதி, லார்ட்ஸ் மைதானம். நியூசிலாந்துக்கு எதிராக ராபின்சன் தன் முதல் டெஸ்டில் ஆட வந்தார். அப்போது அவருக்கு 27 வயது. உள்ளூர்ப் போட்டிகளில் சசெக்ஸ் அணிக்காகப் பல ஆண்டுகள் உழைத்து வந்த இடம். ஆட்டம் தொடங்கும் முன் இங்கிலாந்து வீரர்கள் இனவெறி, பெண் வெறுப்பு, மதத் துவேஷம் போன்றவற்றுக்கு எதிரான வாசகங்கள் பொறித்த சட்டையணிந்து வரிசையாக நின்றார்கள். ராபின்சனும் அந்த வரிசையில் நின்றார்.

அன்று டாம் லேதம், ராஸ் டெய்லர் இருவரையும் அவர்தான் ஆட்டமிழக்கச் செய்தார். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 2012, 2013 ஆண்டுகளில் அவர் எழுதிய ட்விட்டர் பதிவுகளை யாரோ தேடியெடுத்துப் பரப்பினார்கள். மாலையில் ஓய்வறைக்குத் திரும்பியவர் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் மன்னிப்பு அறிக்கையை வாசிக்க வேண்டியிருந்தது.

அந்த டெஸ்ட் முழுவதும் ஆட அவரை அனுமதித்தார்கள். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 7 விக்கெட், மட்டையால் 42 ரன்கள். நியூசிலாந்தின் புதுமுகம் டெவன் கான்வேயின் இரட்டைச் சதத்துக்கு அடுத்தபடியாக அந்த ஆட்டத்தில் நினைவில் நிற்கக்கூடிய அறிமுகம் இவருடையதுதான். ஆட்டம் டிராவில் முடிந்த ஜூன் 6 அன்றே, விசாரணை முடியும்வரை சர்வதேசப் போட்டிகளில் ஆடக் கூடாது என்று இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் அறிவித்தது.

அந்தப் பதிவுகளில் அப்படி என்ன இருந்தது?

முஸ்லிம்களை வெடிகுண்டோடு சேர்த்துப் பேசும் கேலி இருந்தது. ஆசியர்களின் தோற்றத்தைப் பரிகசிக்கும் வரிகளும், பெண்களை இழிவுபடுத்தும் வரிகளும் இருந்தன. அவற்றை வார்த்தைக்கு வார்த்தை இங்கே எடுத்துப்போட நான் விரும்பவில்லை. அன்று பலர் அதைத்தான் செய்தார்கள்: கண்டிக்கிறோம் என்ற பெயரில் லட்சக்கணக்கானவர்களிடம் அந்த வரிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எட்டு ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் கிடந்த சொற்கள், யாரைக் குறிவைத்தனவோ அவர்களுடைய கைப்பேசிக்கே வந்து சேர்ந்தன. ஒன்றைக் கண்டிக்க அதன் சாரத்தைச் சொன்னால் போதும்.

அவர் கேட்ட மன்னிப்பு உண்மையானதா?

மனதுக்குள் புகுந்து பார்க்க எவராலும் முடியாது. சொன்ன சொற்களைத்தான் பார்க்க முடியும். அந்தச் சொற்களில் ஒரு நேர்மை இருந்தது. தன் பதிவுகளை அவரே இனவெறி கொண்டவை, பெண்களை இழிவுபடுத்துபவை என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். வெட்கப்படுவதாகச் சொன்னார். “யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்” என்ற வழக்கமான நிபந்தனைக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. அந்த நிபந்தனை பொல்லாதது. புண்பட்டவர்கள் இருக்கிறார்களா என்பதையே அது சந்தேகப்படுகிறது. புண்பட்டதை அவர்களுடைய பலவீனம் போலக் காட்டுகிறது.

ஆனால் அதே அறிக்கையில் “நான் இனவெறியன் அல்ல” என்றும் சொன்னார். அது அவர் சொல்லக்கூடிய தீர்ப்பு அல்ல என்பது என் கருத்து. அவருடன் ஓய்வறையைப் பகிரும் முஸ்லிம் வீரர்களும், தெற்காசியப் பின்னணி கொண்ட வீரர்களும் காலப்போக்கில் சொல்ல வேண்டிய சொல் அது. பதின்பருவத்தில் யார்க்‌ஷயர் அணி தன்னை நீக்கியதால் வாழ்க்கையின் கடினமான கட்டத்தில் இருந்ததாகவும் விளக்கினார். ஒருவருக்கு வேலை போன துயரத்துக்கும் வேறொருவரின் மதத்தைக் கேலி செய்வதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

விசாரணைக்கு முன்பே தடை விதித்தது அநியாயம் இல்லையா?

அது தண்டனை அல்ல, விசாரணைக் காலத்து இடைநிறுத்தம். நம் ஊர் அரசு அலுவலகங்களில் புகார் எழுந்ததும் செய்வதைப் போன்றதுதான். வாரியத்துக்கு வேறு வழியும் இருக்கவில்லை. காலையில் வீரர்களுக்குச் சட்டையை மாட்டிவிட்டு, மாலையில் கண்ணை மூடிக்கொண்டால் அந்தச் சட்டைக்கு என்ன மதிப்பு?

எனக்கு வாரியத்தின் மேல் இருக்கும் கோபம் வேறு. 27 வயதுவரை அந்த நாட்டின் கிரிக்கெட் அமைப்புக்குள்ளேயே வளர்ந்தவர் ராபின்சன். தேசிய அணிக்கு அழைப்பதற்கு முன் அவருடைய பொதுப் பதிவுகளை ஒருவரும் பார்க்கவில்லை. அதை மட்டும் செய்திருந்தால், முன்கூட்டியே அவரை உட்காரவைத்துப் பேசி, அவரே வாய்திறந்து வருத்தம் தெரிவிக்க வழி செய்திருக்கலாம்.

அமைச்சர்கள் ஏன் இதில் தலையிட்டார்கள்?

பிரிட்டனின் அன்றைய கலாசாரத் துறை அமைச்சர் ஆலிவர் டவ்டன், பதிவுகள் தவறானவை, ஆனால் அவை பத்தாண்டுப் பழையவை, எழுதியவர் பதின்பருவத்தினர், வாரியம் எல்லை மீறிவிட்டது, மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். பிரதமர் போரிஸ் ஜான்சனும் அமைச்சரின் கருத்தோடு உடன்படுகிறார் என்று அவருடைய செய்தித் தொடர்பாளர் தெரிவித்தார்.

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது ஆட்சியில் இருப்பவர்கள் முடிவை இப்படி அறிவிப்பது முறையல்ல. 1968 முதல் 1976 வரை இங்கிலாந்தின் லங்காஷயர் அணிக்கு ஆடிய இந்திய விக்கெட் கீப்பர் ஃபரூக் எஞ்சினியர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். கவுன்டி கிரிக்கெட் எனும் இங்கிலாந்து உள்ளூர்ப் போட்டிகளுக்குப் போன புதிதில் தானும் இனவெறிப் பேச்சை எதிர்கொண்டதைச் சொல்லி, இடைநிறுத்தம் சரியே என்றார். அந்த வாரம் முழுக்க நடந்த விவாதத்தில் எனக்குப் பெரும் மதிப்பு ஏற்படுத்திய குரல் அவருடையது. மற்றவர்கள் எல்லாரும் ராபின்சனின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். அப்படிப்பட்ட சொற்களை வாங்கிக்கொண்டு ஆடியவனின் இடத்திலிருந்து பேசியவர் எஞ்சினியர்.

அஸ்வின் அவருக்கு ஆதரவாகப் பேசினாரா?

ஆதரவு என்று சொல்ல முடியாது, அனுதாபம். பல ஆண்டுகளுக்கு முன் ராபின்சன் செய்ததன் மீது எழும் கோபம் தனக்குப் புரிகிறது என்றும், ஆனாலும் சிறப்பான தொடக்கத்துக்குப் பிறகு அவர் நிறுத்தப்பட்டது உண்மையாகவே வருத்தம் தருகிறது என்றும், சமூக ஊடகத் தலைமுறைக்கு என்ன காத்திருக்கிறது என்பதற்கு இது அறிகுறி என்றும் ரவிச்சந்திரன் அஸ்வின் எழுதினார். தமிழ் ரசிகர்கள் பலர் இதற்காக அவரைத் திட்டினார்கள். அது தேவையற்றது. ஒரு பந்துவீச்சாளர் இன்னொரு பந்துவீச்சாளரின் உழைப்பை அறிந்து வருந்துவதில் என்ன குற்றம்? ஆனால் அந்த எச்சரிக்கையின் திசையில் எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்த தலைமுறை அஞ்ச வேண்டியது அகப்பட்டுக்கொள்வதை அல்ல, அப்படி எழுதுவதை.

18 வயதில் செய்ததற்கு 27 வயதில் பதில் சொல்ல வேண்டுமா?

எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். எளிய பதில் இதற்கு இல்லை.

முன்னாள் கேப்டன் நாசர் ஹுசைன் சொன்னது நியாயமாகப் பட்டது. அந்தப் பதிவுகள் அருவருப்பானவை, 18 வயதிலும் ஏற்க முடியாதவை. ஆனால் 18 வயதுக்காரர் தவறு செய்வார் என்பதை உணராத சமூகம் கொஞ்சம் கொடுமையானது என்ற பொருளில் அவர் பேசினார். வயது தண்டனையைக் குறைக்கும். நடந்ததை அழிக்காது. 18 வயதில் நமக்கு ஓட்டுரிமை தருகிறார்கள். வண்டி ஓட்ட உரிமம் தருகிறார்கள். அந்த வயதுக்காரருக்கு ஒரு மதத்தைச் சேர்ந்த எல்லாரையும் குண்டு வைப்பவர்கள் என்று சொல்வது தவறென்று தெரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். அதே வயதில் இருந்த முஸ்லிம் பையன்கள், அதே இங்கிலாந்தில், அந்தக் கேலியைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அது பதின்பருவம்தான். அவர்களில் எத்தனை பேர் ஓய்வறைக் கிண்டலைத் தாங்க முடியாமல் கிரிக்கெட்டையே விட்டார்கள் என்று கேட்க அந்த வாரத்தில் ஆளில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராபின்சன் பற்றிய செய்தி வந்த சில நாட்களில் மற்ற இங்கிலாந்து வீரர்களின் பழைய பதிவுகளும் வெளியே வந்தன. இயான் மார்கன், ஜாஸ் பட்லர் இருவரும் இந்தியர்களின் ஆங்கிலத்தைக் கேலி செய்வது போல எழுதியவை அவற்றில் அடக்கம். ஜேம்ஸ் ஆண்டர்சன் 2010 பிப்ரவரியில் சக வீரர் ஸ்டூவர்ட் பிராடின் முடியலங்காரத்தை ஓரினச்சேர்க்கைப் பெண்களோடு ஒப்பிட்டுக் கேலி செய்ததும் வந்தது. அதை எழுதியபோது ஆண்டர்சனுக்கு 27 வயது. பதின்பருவம் என்ற விளக்கம் அவருக்குப் பொருந்தாது. ஜூன் 10 அன்று எட்ஜ்பாஸ்டனில் தொடங்கிய இரண்டாவது டெஸ்டில் ராபின்சன் இல்லை, ஆண்டர்சன் இருந்தார். அது அவருடைய 162ஆவது டெஸ்ட், இங்கிலாந்துக்காக அதிக டெஸ்ட் ஆடியவர் என்ற சாதனையும் அன்றுதான். இரண்டு பேரின் சொற்களும் ஒரே எடை கொண்டவை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புதியவனுக்கு ஓர் அளவுகோல், ஜாம்பவானுக்கு வேறொன்று என்ற எண்ணம் ரசிகர்கள் மனதில் எழுந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் என்ன தண்டனை கிடைத்தது?

கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம் ஜூன் 30 அன்று விசாரித்து, ஜூலை 3 அன்று முடிவை அறிவித்தது. எட்டு ஆட்டங்களுக்குத் தடை. அவற்றில் ஐந்து இரண்டாண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டன. மீதி மூன்றை அவர் ஏற்கெனவே இழந்திருந்தார்: எட்ஜ்பாஸ்டன் டெஸ்டும், அவரே விலகிக்கொண்ட சசெக்ஸின் இரண்டு டி20 ஆட்டங்களும். 3,200 பவுண்டு அபராதம். இரண்டாண்டுகளுக்குச் சமூக ஊடகப் பயன்பாடு, பாகுபாட்டு எதிர்ப்பு தொடர்பான பயிற்சிகளில் ஒத்துழைக்கவும் ஒப்புக்கொண்டார். குற்றச்சாட்டுகளை அவர் ஏற்றுக்கொண்டதையும், இளவயதையும், கழிந்த காலத்தையும், வருத்தத்தையும் ஆணையம் கணக்கில் எடுத்தது.

இது சரியான தண்டனை என்றே நினைக்கிறேன். ஒருவரின் பிழைப்பை முடித்துவிடவில்லை. ஒன்றும் நடக்காததுபோல விட்டுவிடவும் இல்லை. ‘வாழ்நாள் தடை’ என்று கூச்சலிட்டவர்களும் ‘ஒரு நாள்கூடத் தடை கூடாது’ என்று கூச்சலிட்டவர்களும் இந்த முடிவு வந்தபோது வேறு பரபரப்புக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அசீம் ரஃபீக்கையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்களே, ஏன்?

இந்தப் பேச்சில் என்னை அதிகம் உலுக்கியது அவர் கதைதான். யார்க்‌ஷயர் அணியில் தான் அனுபவித்த இனவெறியை 2021 நவம்பர் 16 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் அந்த அணியின் முன்னாள் வீரர் அசீம் ரஃபீக் கண்ணீரோடு விவரித்தார். இங்கிலாந்து கிரிக்கெட்டே ஆடிப்போனது. இரண்டே நாட்களில், 2011இல் அவர் ஃபேஸ்புக்கில் யூதர்களை இழித்து எழுதிய செய்திகள் பத்திரிகையில் வந்தன.

யார்க்‌ஷயரைக் காக்க நினைத்தவர்களுக்கு அது கிடைத்தற்கரிய ஆயுதமாகிவிட்டது. “இவர் மட்டும் யோக்கியமா?” என்றார்கள். இனவெறிக்கு ஆளானவர் அப்பழுக்கற்றவராக இருந்தால்தான் புகார் சொல்லலாம் என்றால் உலகத்தில் ஒருவராலும் புகார் சொல்ல முடியாது. அவர் எழுதியது தவறு, அவருக்கு நடந்ததும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள்தான் ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கிறார்கள்.

ரஃபீக் அதன் பிறகு செய்ததைக் கவனியுங்கள். எழுதியது தான்தான், சாக்குப்போக்கு எதுவும் கிடையாது, வெட்கப்படுகிறேன் என்றார். அப்போது தனக்கு 19 வயது என்று குறிப்பிட்டாலும் அதைக் கேடயமாகப் பிடிக்கவில்லை. பிரிட்டிஷ் யூதர்களின் பிரதிநிதிகள் சபை அந்த மன்னிப்பு மனப்பூர்வமானதாகத் தெரிகிறது என்று ஏற்றுக்கொண்டது. நாஜிகளிடமிருந்து தப்பிவந்த ஒரு மூதாட்டியை அவர் நேரில் சந்தித்துப் பேசினார். மன்னிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர்களிடமே போனார். ராபின்சன் விவகாரத்தில் நான் தேடியும் காணாதது இதுதான். அங்கே மன்னித்தவர்கள் அமைச்சர்கள், வர்ணனையாளர்கள், ரசிகர்கள். அவர்களில் பெரும்பாலோரை அந்தப் பதிவுகள் தொடவே இல்லை.

2022 அக்டோபரில் ரஃபீக் உட்பட ஐந்து பேரைப் பழைய பதிவுகளுக்காக ஒழுங்கு ஆணையம் கண்டித்தது. மகளிர் அணி வீராங்கனைகள் டேனி வயட், ஈவ்லின் ஜோன்ஸ் இருவரும் அவர்களில் உண்டு.

பழையதைத் தோண்டியெடுப்பதே வன்மம்தானே?

சில நேரம் வன்மம்தான். அறிமுக நாளன்று, ஆட்டத்தின் நடுவே, அது வெளியானது தற்செயலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தோண்டியவரின் நோக்கத்தைக் காட்டி, தோண்டியெடுக்கப்பட்டதைப் புதைக்க முடியாது.

பதிவுகளை முன்பே அழித்திருந்தால் தப்பித்திருக்கலாமே?

யாராவது ஒருவர் படமெடுத்து வைத்திருப்பார். தவிர, யாரும் கேட்கும் முன்பே நீக்கிவிட்டு, இப்படி எழுதியிருந்தேன், தவறு என்று தானே சொல்பவருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு.

நம் நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதைப் பேச நாம் இன்னும் கூசுகிறோம்.

2020 ஏப்ரலில் ரோஹித் சர்மாவுடன் இன்ஸ்டாகிராம் நேரலையில் பேசிய யுவராஜ் சிங், சக வீரர் சாஹலைக் கிண்டல் செய்ய ஒரு பட்டியல் சாதியின் பெயரை வசைச்சொல்லாகப் பயன்படுத்தினார். சில வாரங்கள் கழித்து அந்தக் காணொளித் துண்டு பரவியது. ஜூன் மாதம் அவர் வருத்தம் தெரிவித்தார், நான் மேலே சொன்ன அதே நிபந்தனைச் சொற்களோடு. ஹரியானாவில் ஹான்சி காவல் துறையினர் வழக்குப் பதிந்தார்கள். 2021 அக்டோபரில் அவரை முறைப்படி கைதுசெய்து, உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடைக்கால ஜாமீனில் விடுவித்தார்கள். சாதிப் பெயரை வசையாக வீசுவது இந்தியாவில் ஒழுக்கப் பிரச்சினை மட்டுமல்ல. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகக்கூடியது. ஆனாலும் அன்று பல ரசிகர்கள் கேட்டது “நண்பர்களுக்குள் பேசியதை ஏன் பெரிதாக்குகிறீர்கள்?” என்றுதான். அந்தப் பேச்சில் குற்றமாக இருந்தது சாஹல் புண்பட்டாரா என்பதல்ல. ஒரு சமூகத்தின் பெயரே வசையாகப் புழங்கலாம் என்று நினைத்ததுதான் குற்றம்.

அதே ஜூனில் வெஸ்ட் இண்டீஸ் அணியின் முன்னாள் கேப்டன் டேரன் சமி, ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் அணிக்கு ஆடிய காலத்தில் தன்னையும் இலங்கையின் திசர பெரேராவையும் நிறத்தைக் குறிக்கும் ஒரு பட்டப்பெயரால் அழைத்தார்கள் என்று வெளிப்படுத்தினார். இஷாந்த் சர்மாவின் 2014ஆம் ஆண்டு இன்ஸ்டாகிராம் பதிவு ஒன்றிலும் அந்தப் பெயர் இருந்தது. பிறகு அந்த வீரர்களில் ஒருவர் தன்னுடன் பேசியதாகவும், அன்போடுதான் அழைத்தார் என்பதை நம்புவதாகவும் சமி சொன்னார். பாதிக்கப்பட்டவரே மனம்விட்டுப் பேசி ஏற்றுக்கொண்ட பிறகு நமக்கு அங்கே வேலையில்லை.

தமிழர்கள் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். தன் நிறத்துக்காகச் சிறுவயது முதல் கேட்ட ஏச்சுகளைத் தமிழ்நாட்டு வீரர் அபினவ் முகுந்த் 2017இல் எழுதினார். வாழ்நாள் முழுவதும், அதுவும் சொந்த நாட்டிலேயே, நிறப் பாகுபாட்டுக்கு ஆளானதாக முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் எல். சிவராமகிருஷ்ணன் 2021 நவம்பரில் எழுதினார். ராபின்சனுக்காக நாம் விவாதித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கினோமா என்பது எனக்குள் இருக்கும் வருத்தம். வகுப்பறையில் ‘கருவாயன்’ என்று அழைக்கப்பட்டு வளர்ந்த எவரிடமும் போய் இது விளையாட்டுப் பேச்சு என்று சொல்லிப் பாருங்கள்.

அப்படிப்பட்டவரின் ஆட்டத்தை ரசிக்கலாமா?

ரசிக்கலாம். 2021 ஆகஸ்டில் லீட்ஸில் இரண்டாவது இன்னிங்ஸில் 65 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்து இந்தியாவை அவர் சாய்த்தபோது, அந்த உயரத்திலிருந்து பந்து எழும்பிய விதத்தை நானும் வியந்து பார்த்தேன். ரசிகராக இருப்பதற்காக அவருடைய வழக்கறிஞராகவும் மாற வேண்டியதில்லை. பிடித்த நடிகரோ வீரரோ இப்படிச் சிக்கும்போது, கேள்வி கேட்பவர்களை, அதிலும் குறிப்பாகப் பெண்களை, அவர்களுடைய பக்கத்துக்கே போய் ஆபாசமாகத் திட்டுவது ரசனை அல்ல. பழைய இழிசொல்லைக் காப்பாற்றப் புதிய இழிசொற்களை எழுதுகிறார்கள், அதுவும் தங்கள் சொந்தப் பெயரில்.

ராபின்சன் பிறகு என்ன ஆனார்?

அந்த ஆண்டு இந்தியாவுக்கு எதிரான நான்கு டெஸ்டுகளில் 21 விக்கெட் எடுத்தார். லீட்ஸில் ஆட்ட நாயகன். உடற்தகுதிக் குறைபாடு குறித்துத் தொடர்ந்து விமர்சனம் எழுந்தது. 2023 ஆஷஸில் ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜாவை வீழ்த்திவிட்டு வசைச்சொல்லால் வழியனுப்பியபோது மறுபடியும் கண்டனம் வந்தது, இம்முறை ஆஸ்திரேலியாவிலிருந்து. அது ஆட்ட வேகத்தில் எதிராளியைத் திட்டியது. யாருடைய மதத்தையும் நிறத்தையும் அது தொடவில்லை என்பதால் இரண்டையும் ஒரே கணக்கில் எழுத மாட்டேன். 2024 பிப்ரவரியில் ராஞ்சியில் இந்தியாவுக்கு எதிராக ஆடியது அவருடைய 20ஆவது டெஸ்ட். அதுவரை எடுத்தது 76 விக்கெட்.